பையில் எரிந்த விளக்கு



கைப்பேசியைப் பற்றி மதரஸா ஆசிரியன் ஒருவன் எழுதினால் அது கண்டனமாகத்தான் இருக்கும் என்று தாங்கள் எண்ணக்கூடும். இக்கட்டுரை கண்டிப்பது கைப்பேசியையன்று, என்னைத்தான்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் புரண்டு வந்த அந்த இரவைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நான் மயிலாப்பூரில் இருந்தேன். உம்மா அவர்கள் கோட்டூர்புரத்தில், ஆற்றையொட்டிய தெருவில், தங்கையின் வீட்டில் இருந்தார்கள். இஷாவுக்குப் பின் தங்கை அழைத்தாள். "காக்கா, தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டது. மாடிவீட்டுக்குப் போகிறோம்."

மின்சாரம் போய் நெடுநேரமாகியிருந்தது. என் கைப்பேசியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே சார்ஜ் இருந்தது. விடியும்வரை தாங்கும் என்று நம்பி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். நள்ளிரவில் எடுத்துப் பார்த்தால் செத்துக் கிடந்தது.

காரணம் பின்னரே விளங்கிற்று. வாசிக்கும்போது திரை இருண்டுவிடுகிறதே என்று சலித்து, அது தானாக அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கி வைத்திருந்தேன். பூட்டும் தொல்லையென்று அதனையும் நீக்கியிருந்தேன். பைக்குள் பொத்தான் அழுந்தியபோதெல்லாம் திரை விழித்தது. பூட்டில்லாததால் ஈரத்துணி உரசியே ஏதேதோ திறந்துகொண்டது. பார்ப்பாரின்றி ஒரு விளக்கு என் பையில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது! பூட்டு தானாக மின்சாரத்தைச் சேமிப்பதில்லை. சேமிப்பது திரையின் இருளே. அந்த இருளைக் காக்கும் காவலாளிதான் பூட்டு.

இன்னொன்றும் உண்டு. மின்சாரமின்றி அருகிலுள்ள கோபுரங்கள் ஓய்ந்தால், கைப்பேசி தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டத் தன் சக்தியைக் கூடுதலாகச் செலவிடும். வெள்ள நாளில் பேட்டரி விரைந்து தீர்வதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லூரிப் படியேறாத என் தங்கையோ கைப்பேசியை அணைத்து வைத்து, மணிக்கொரு முறை உயிர்ப்பித்துப் பார்த்திருக்கிறாள். பட்டதாரி நானிருந்த நிலைமையைத்தான் மேலே சொன்னேனே!

வியாழனன்று ஒரு பள்ளிவாசலில் ஜெனரேட்டர் வைத்து, வந்தவர்க்கெல்லாம் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஐயப்பனுக்கு மாலை போட்டவர். என் கைப்பேசி உயிர்பெற்றதும் செவ்வாய் இரவு அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. "உம்மாவின் இன்சுலின் தண்ணீரில் போய்விட்டது. எப்படியாவது வாங்கி வாருங்கள்."

இரண்டு நாள் பழைய செய்தி. மருந்து வாங்கிக்கொண்டு, நடந்தே போய்ச் சேர்ந்தேன். மாடிவீட்டு அம்மையார் தம்முடைய மருந்திலிருந்து கொடுத்து உம்மாவைக் காத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ். உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்கள். கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது என் திரை முப்பது விநாடியில் அணைகிறது, பூட்டும் உண்டு. ஆபத்தில் பூட்டு தடையாகுமே என்று அஞ்ச வேண்டாம். பூட்டிய நிலையிலும் 112-ஐ அழைக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனபோது, இரண்டாம் நாளும் என்னிடம் நாற்பது சதவீதம் மீதமிருந்தது.

ஆனாலும் வானம் இருட்டினால் போதும், உம்மாவின் அழைப்பு வந்துவிடும்.

"போனுக்கு உயிர் இருக்கா, வாப்பா?"