தரிசு

அடங்கலில் எங்கள் 12 ஏக்கருக்கு நேரே எழுதியிருப்பது ஒரே சொல்: தரிசு. ஊரில் அதற்குப் பெயர் கொரங்காடு. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது காடும் இல்லை, தோட்டமும் இல்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடு மேய்வதற்கென்றே தலைமுறைகளாக வைத்திருக்கும் நிலம்.

"சும்மா கெடக்குற நெலந்தானே" என்று யாராவது சொன்னால் எங்கள் அப்பாரு சண்டைக்கே போவார். அவர் கணக்கில் அது சும்மா கிடந்த நாளே இல்லை. உள்வேலி போட்டு மூன்று துண்டாகப் பிரித்திருந்தார். ஒன்றில் மாடு மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வில் இருக்கும். மழை பெய்து புல் தலையெடுத்தால் எங்களுக்கு மாட்டை உடனே உள்ளே விட ஆசையாக இருக்கும். அவர் படலைத் திறக்கவே மாட்டார். "புல்லு வெதை கொட்டோணும் கண்ணு. அதுக்கு முன்னால உட்டா அடுத்த வருசம் மாடு மண்ணத்தான் திங்கோணும்" என்பார்.

முதலில் மாடு, பிறகுதான் செம்மறி. இதற்கும் காரணம் உண்டு. மாடு நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும், அடிக்கட்டை தப்பிவிடும். ஆடு தரையோடு ஒட்டக் கடிக்கும். மாடு விட்டதை ஆடு தின்னலாம், ஆடு விட்டதில் மாட்டுக்கு ஒன்றும் இருக்காது. கோடையில் புல் காய்ந்தபின் வேலங்காய் உதிரும். ஆடு அதைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றிப் பெய்கிற பூமியில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வேலி கெட்டியாக இருப்பதால் மேய்ப்பவர்கூடத் தேவையில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் கொழுக்கட்டைப் புல்லின் இன்னொரு கதை தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்காக லட்சக்கணக்கான ஏக்கரில் வளர்வது இதே இனம்தான். அங்கே 'பஃபெல்' புல் என்பார்கள். பண்ணைக்காரருக்கு அது வரம். அந்த நாட்டின் பாலைப் பகுதிகளிலோ அது சொந்தப் புற்களை விரட்டி, காட்டுத்தீக்கு விறகாகிவிட்ட களை. புல் ஒன்றுதான். எந்த மண்ணில், எந்த வேலிக்குள், யார் கணக்கில் வளர்கிறது என்பதுதான் வேறு.

இனி, எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசாத ஒன்று. காங்கேயம் பசு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. மாட்டுக்காரருக்கு வருமானம் கண்ணபுரம் சந்தையில் விற்கும் கன்றுகளும் காளைகளும்தான். அதோடு, கிழடான மாட்டுக்குக் கிடைக்கும் விலை. அந்த மாடு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாளையாறு தாண்டிப் போகும் லாரி எதற்குப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

2017 ஜனவரியில் நாட்டு மாட்டைக் காக்க ஊரே திரண்டது. நானும் நின்றேன். அதே வருடம் மே மாதம், சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசின் விதி வந்தது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஒரு வாரத்துக்குள் தடை விதித்தது. அந்த ஒரு வாரம் அப்பா சரியாகத் தூங்கவில்லை. கிழட்டு மாட்டை விற்ற காசில்தான் அடுத்த கிடாரி வருகிறது. அந்த வழியை அடைத்தால் முதலில் கைவிடப்படுவது மாடு, அடுத்தது புல். கறி தின்னாத எங்கள் வீட்டுக் கொரங்காடும் கறிச்சந்தையின் தயவில்தான் நிற்கிறது. இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் கணக்கு அப்படித்தான்.

இப்போது சோலார் வந்திருக்கிறது. 25 வருடக் குத்தகை, மாதம் தவறாமல் பணம். சித்தப்பா தன் பங்கைக் கொடுக்க முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு பெண்களின் படிப்பு இருக்கிறது, ஆடு மேய்த்துக் கட்டுகிற பீஸ் இல்லை அது. நமக்குக் கரண்டும் வேண்டும். என் வருத்தமெல்லாம் அந்தச் சொல்லோடுதான். தரிசு என்று எழுதியிருப்பதால், அங்கே என்ன போகிறது என்று எவரும் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. நாட்டின் தரிசுநில வரைபடங்களிலும் புதர்நிலமும் மேய்ச்சல் நிலமும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. காலி இடத்தில் கண்ணாடிப் பலகை வைப்பதில் என்ன பாவம்?

"வேலியப் புடுங்காம, மரத்த வெட்டாம போடுவீங்களாங்க?" என்று அப்பா கேட்டார். வந்தவர் சிரித்தார். நிழல் விழுந்தால் அவருக்கு நட்டம்.

பங்கு பிரித்தால் எங்களுக்கு 6 ஏக்கர். பாதி நிலத்தில் பாதி மாடு என்று கணக்குப் போட்டுவிடலாம், ஓய்வு அப்படி அடங்காது. மூன்றாகப் பிரித்தால் துண்டு 2 ஏக்கர்தான். ஒரு மழை பொய்த்தாலே மூன்றும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். நான்கு பசுவில் இரண்டை விற்க வேண்டும் என்றார் அப்பா. எந்த இரண்டு என்று இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி மழைக்குப் புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. கதிர் இன்னும் பச்சைதான். படல் சாத்தியிருக்கிறது.