28,000 ரூபாய்க்குள் ஒரு மடிக்கணினி

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

மடியில் வைத்து வேலை செய்யத் தக்கது என்பதால்தான் மடிக்கணினி என்று பெயர் வந்தது. ஆனால் 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆஸ்போர்ன் 1' என்னும் தூக்கிச் செல்லும் கணினி ஏறத்தாழ 11 கிலோ எடை இருந்ததாம். திரையோ வெறும் 5 அங்குலம். விலை 1,795 டாலர். அதை மடியில் வைத்தால் மடி என்ன பாடுபடும் என்பதைத் தோழியர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இன்று ஒன்றரைக் கிலோவில் கணினி கிடைக்கின்றது. எடைதான் குறைந்ததே தவிர, வாங்குகிறவர் மனத்தில் உள்ள பாரம் குறையவில்லை. நடுத்தரக் குடும்பத்தார் ஒரு மடிக்கணினி வாங்குவது ஏறக்குறைய ஒரு கறவை மாடு வாங்குவது போன்ற காரியம். பல் பிடித்துப் பார்க்க வேண்டும். நாலு பேரைக் கேட்க வேண்டும்.

சென்ற 2025 ஜூன் மாதம் என் அக்காள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அந்த ஆண்டு மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அக்காள் படிப்பது அரசுக் கல்லூரி அன்று. ஆகவே எங்கள் கையை நம்பித்தான் இறங்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது 28,000 ரூபாய். அது அம்மாவின் ஏலச்சீட்டுப் பணம். அம்மா திட்டக்குடியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார்கள். ஒரு ரவிக்கைக்குக் கூலி 140 ரூபாய். ஒரு நாள் இரவு கணக்கு நோட்டின் பின் அட்டையில் வகுத்துப் பார்த்தேன். சரியாக 200 ரவிக்கை! அதற்குப் பிறகு கடைகளில் தொங்கும் விலைச் சீட்டுகளை எல்லாம் நான் ரூபாயாகப் பார்க்கவில்லை, ரவிக்கையாகத்தான் பார்த்தேன்.

"கைபேசி இருக்கே, அது போதாதா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பாடம் கேட்கக் கைபேசி போதும். மத்திய அரசின் 'ஸ்வயம்' பாடங்களைக்கூடக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் வணிகவியல் படிக்கிறவளுக்கு எக்செல் அட்டவணையும் டாலியும் வேண்டும். நாற்பது வரிசைக் கணக்கை உள்ளங்கை அகலத் திரையில் போடுவது, ஊசித் துளை வழியாகத் தேர் பார்ப்பது போல. டாலி பிரைம் விண்டோஸில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. இது ஒன்றே எங்கள் தேர்வைப் பாதி முடித்துவிட்டது: அக்காளுக்கு விண்டோஸ் உள்ள கணினிதான்.

எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் நான் யோசனை கேட்டேன். அவர்கள் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லவில்லை. "என்னென்ன வேலை, எத்தனை வருஷம், எங்கே வைத்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா" என்றார்கள். எழுதினோம். கணக்கு, தட்டச்சு, பாடம் பார்த்தல், மூன்று ஆண்டு, விடுதி அறை, வெள்ளிக்கிழமை தோறும் பேருந்துப் பயணம். விளையாட்டும் இல்லை, திரைப்படம் வெட்டி ஒட்டும் வேலையும் இல்லை. அந்தத் தாளைப் பார்த்த சிஸ்டர் மூன்று சொற்களை அடியில் எழுதினார்கள்: 8 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி., நல்ல விசைப்பலகை.

இதில் எஸ்.எஸ்.டி. என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கணினிகளில் தகவலைச் சேமிக்க ஹார்டு டிஸ்க் என்ற ஒன்று இருக்கும். அதனுள் ஒரு தட்டு சுழல, ஒரு சிறு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கும். கிராமபோன் தட்டுப் போல என்று வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினிகளில் அந்தத் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். கேட்பதற்கு வேகம்தான், ஆனால் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும் தகவலைத் தேடி முள் அலைவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை, எல்லாம் சில்லு. கணினி "மெதுவாக இருக்கிறது" என்று நாம் குறைபட்டுக்கொள்வதில் பெரும்பகுதி இந்தத் தட்டின் குற்றமே என்பது என் கருத்து. மூளையான பிராசஸரின் மேல் பழியைப் போட்டு, அதற்காகப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறவர்கள் பலர்.

முதலில் விருத்தாசலத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் 46,990 ரூபாய்க் கணினியைத் திறந்து வைத்தார். விசைகளின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "பணம் பிரச்சினையே இல்லம்மா, வட்டியில்லாத் தவணை" என்றார். அம்மா அசைந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வட்டியே இல்லாமல் கடன் கொடுக்க யாருக்கும் முடியாது. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில், பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி தவணையில் காணாமல் போகும். செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று தனியே முளைக்கும். அம்மா அமைதியாக, "இது என்னென்ன செய்யும்?" என்று கேட்டார்கள். அவர் விளையாட்டுகளைப் பற்றியே சொன்னார். "கணக்கு எழுதுமா?" என்றார்கள். "அதெல்லாம் எதுவுமே எழுதும்மா" என்றார். "அப்போ எதுவும் போதும்" என்று எழுந்துவிட்டார்கள்.

அதே கடையில் மூலையில் 18,000 ரூபாய்க்கு ஒரு புத்தம் புதியது இருந்தது. அப்பாவுக்கு அதன் மேல் கண். நினைவகம் 4 ஜி.பி., சேமிப்பு 64 ஜி.பி. மட்டும். விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவு என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருப்பதே இந்த 4-ம் 64-ம்தான். விண்டோஸ் உட்கார்ந்து காலை நீட்டிய பின் அக்காளின் பாடங்களுக்குத் திண்ணைகூட மிஞ்சாது. புதிது என்ற ஒரே காரணத்துக்காக இப்படிப்பட்டதை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

29,000 ரூபாயில் ரைசன் 3 7320யு என்ற பிராசஸருடன் ஒன்று காட்டினார்கள். 8 ஜி.பி., 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இது உண்மையிலேயே பரவாயில்லை. முதல் எண் 7 என்பதால் மிகப் புதியது என்று நினைக்க வேண்டாம். அந்த வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் அமைப்பைக் காட்டும்; 2 என்றால் 2019-இல் வந்த 'ஜென் 2' அமைப்பு. அது குறையன்று, எங்கள் வேலைக்குப் போதும். ஆனால் இவ்வகையில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். நாளை 16 ஜி.பி. வேண்டுமென்றால் வழியில்லை. ஆயிரம் ரூபாய் பற்றவும் இல்லை.

இந்த இடத்தில்தான் பெரியப்பா மகன் அண்ணன், கம்பெனிகளில் ஊழியர்கள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த மடிக்கணினிகளைத் துடைத்துச் சீர்செய்து விற்கும் கடைகள் திருச்சியில் இருப்பதைச் சொன்னார். அப்பா ஒரேயடியாக மறுத்தார். "பழசு வாங்கினா பழுதுதான் மிச்சம்" என்றார். பழைய டிராக்டர் வாங்கி நொந்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் படித்து எழுதிக்கொண்ட பிறகே தொழுதூர் வழியாகப் பேருந்து ஏறினோம்.

முதலாவது, தலைமுறை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நாங்கள் வாங்கப் போனபோதே அந்தத் தேதி எல்லாருக்கும் தெரியும். விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5 என்ற எழுத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. பக்கத்தில் உள்ள எண்தான் ஜாதகம். ஐ5-6200யு என்றால் ஆறாம் தலைமுறை, வேண்டாம். ஐ5-8250யு என்றால் எட்டு, சரி. ஐ3-1215யு என்றால் பன்னிரண்டு. மலிவாக விற்கும் பழைய கணினிகளில் பல இந்த ஆறு, ஏழாம் தலைமுறைதான். மலிவுக்குக் காரணமும் அதுவே.

அடுத்தது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது இருப்பது, இரண்டும் அதில் வரும். கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொன்னோம். முதல் கணினி பாதிக்கும் கீழே. இரண்டாவது முக்கால் பங்குக்கு மேல். மூன்றாவதை அவராகவே உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

பிறகு எல்லா விசையையும் தட்டிப் பார்த்தேன். தமிழ் 99 விசைப்பலகையை அமைத்து, எங்கள் ஊர்ப் பெயரையும் தட்டிப் பார்த்தேன். இந்த முறை 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நம் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். திரையை முழு வெள்ளையாக்கிக் கறை பார்த்தோம். அக்காள் கேமராவையும் மைக்கையும் பார்த்தாள். அப்பா, டிராக்டரை ஆட்டுவது போலக் கீலை ஆட்டிப் பார்த்தார். கடைக்காரர் முகம் மாறியது. வரிசை எண் எழுதிய ரசீது வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார்கள். பழைய பொருளுக்கு அந்த ரசீதுதான் திருட்டுப் பொருள் இல்லை என்பதற்குச் சாட்சி.

வாங்கியது லெனோவோவின் திங்க்பேட் டி480. 2018-இல் வந்த மாதிரி. ஐ5-8250யு, 8 ஜி.பி., 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இதில் இரண்டு பேட்டரிகள். பின்புறம் உள்ளதைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். நினைவகத்தையும் பின்னால் கூட்டலாம். விலை 19,500 ரூபாய், கடையின் ஆறு மாத உத்தரவாதத்துடன். ஒரே குறை, ஓரத்தில் எண் விசைகள் இல்லை. வணிகவியல் மாணவிக்கு அது பெருங்குறை. 450 ரூபாய்க்கு எண்கள் மட்டுமே உள்ள சிறு பலகை ஒன்று வாங்கிச் செருகிவிட்டோம்.

மிச்சம் 8,050 ரூபாய். இதற்குள் என் ஆசை தலைதூக்கியது. அக்காள் வாரம் முழுதும் விடுதியில் இருப்பாள். கணினியும் அவளோடு போய்விடும். அண்ணன் அரசுப் பள்ளியில் படித்தபோது 2014-இல் பெற்ற விலையில்லா மடிக்கணினி பெரியப்பா வீட்டுப் பரண்மேல் கிடந்தது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களால் தொடங்கப்பட்டு, எல்காட் நிறுவனத்தின் மூலம் இலட்சக்கணக்கான மாணவர்களைச் சென்றடைந்தது. எத்தனை வீட்டுப் பரணில் இன்னும் அவை தூங்குகின்றனவோ! திறந்தால் நாலு நிமிடம் கழித்துத்தான் கண் விழிக்கும். பேட்டரி செத்துவிட்டது. நினைவகம் 2 ஜி.பி.தான்.

ஆனால் அதன் விசைப்பலகையும் திரையும் நன்றாகவே இருந்தன. அண்ணன் சம்மதத்தோடு பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம். தட்டுக்குப் பதில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,700, காலியாக இருந்த இடத்தில் 4 ஜி.பி. நினைவகம், பழையது, 700, பேட்டரி 1,600, கூலி 400. ஆக 4,400 ரூபாய். அதற்கு விண்டோஸ் 11 ஒத்துவராது. எனக்கு டாலி தேவையில்லாததால் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அந்த விலையில்லாக் கணினிகளிலேயே விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லிப்ரே ஆபீஸில் தமிழில் கட்டுரை எழுதலாம். அதற்குக் காசு இல்லை. இப்போது அது முக்கால் நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. காணொளி பார்க்கும்போது மட்டும் விசிறி மாவு மில் போலச் சத்தம் போடுகிறது. அதற்கு மருந்து இல்லை என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார்.

இதை 2025 கோடையிலேயே செய்தது நல்லதாயிற்று. அந்த ஆண்டின் கடைசியில் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினி நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போனதுதான் காரணமாம். எங்கோ கட்டுகிற நிலையத்துக்கும் எங்கள் ஊர் ரவிக்கைக் கூலிக்கும் இப்படி ஒரு தொடர்பு!

எங்கள் தெருவில் மின்சாரம் ஏறி இறங்கும். அதனால் 550 ரூபாய்க்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி வாங்கி, இரண்டு சார்ஜரையும் அதில் மாட்டியிருக்கிறோம். ஆக மொத்தம் செலவு 24,900. மீதி 3,100 ரூபாயை அம்மா அடுத்த சீட்டின் முதல் தவணையாகக் கட்டிவிட்டார்கள். அப்பா இன்னும் டி480-ஐ "அந்தப் பழசு" என்றுதான் சொல்கிறார்; மக்காச்சோளத்தின் விலை பார்க்க வேண்டுமென்றால் மட்டும், அக்காள் வெள்ளிக்கிழமை எத்தனை மணிப் பேருந்தில் வருகிறாள் என்று கேட்கிறார்.