ஜீப்பும் ஒரு குக்கர்தான்!

கோடை வந்துவிட்டால் மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், முறுக்கு, காய்ச்சல் மாத்திரை என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். நம்மை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பற்றி மட்டும் "அது ஆம்பளைங்க பாடு" என்று விட்டுவிடுகிறோம். சென்ற மே மாதம் பேரையூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஜீப்பில் போய் வந்ததிலிருந்து, அது நம்முடைய பாடும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தங்கையின் கணவருக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பேரையூரில் இருக்கும் பெரியப்பா மகனிடம், நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றும், அதன் பின்னால் மாட்டுகிற ட்ரெய்லரும் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்றுகிற அந்த ட்ரெய்லரில் இந்தத் தடவை பீரோ, கட்டில், கிரைண்டர், தையல் மெஷின். ஜீப்புக்குள் அண்ணன், மதினி, தங்கை, நான், தங்கையின் இரண்டு வாண்டுகள்!

பேரையூரைச் சுற்றிக் கரிசல் காடு. மேற்கே சதுரகிரி மலை நீலமாக நிற்கும். நிழல் அங்கே, வெயில் இங்கே! காற்று அடித்தால் புழுதியும் சோளத் தூசும் எங்கும் ஒட்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் அண்ணன் ஜீப்பின் முன்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வண்டிக்கும் தலைக்குக் குளிப்பாட்டா?" என்று கேட்டேன்.

"ஆமா தாயி. இதுதான் ரேடியேட்டர். இந்தச் சன்னத் தகடுகளுக்கு நடுவுல காத்து போனாத்தான் உள்ள ஓடுற தண்ணி ஆறும். தூசி அடைச்சா, ஜன்னலைச் சாத்திட்டு அடுப்பு மூட்டுன கதைதான்."

இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் விட வேண்டுமாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். பிறகு ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜின் குளிர்ந்திருந்த அந்த நேரத்தில்தான் மூடியைத் திறந்து, கூலன்ட் அளவையும் மூடியின் ரப்பரையும் சரிபார்த்தார். நான் போர் தண்ணீரை நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினார். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா? அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படிந்து, சூடு வெளியேறாமல் தடுக்குமாம். கூலன்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் கலந்துதான் ஊற்றினார்.

சாமான் ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. பீரோவும் கிரைண்டரும் ட்ரெய்லர் அச்சுக்கு நேராக, சற்றே முன்தள்ளி. பின்னால் கனம் ஏறினால் வண்டி ஆட ஆரம்பித்துவிடும். "வேண்டாத ஓட்டை உடைசலை எல்லாம் இங்கேயே போட்டுட்டுப் போங்கடி" என்று மதினி சொன்னது வேடிக்கைக்கு அல்ல. குறைகிற ஒவ்வொரு கிலோவும் இன்ஜினுக்கு ஆறுதல்தான்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டிக் காமக்காபட்டி சேரும்போது வெயில் ஏறவில்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்ததே, அதையும் அண்ணன் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார்.

அங்கிருந்து மலை. சுமார் 6,000 அடி ஏற வேண்டும். இன்ஜினில் எரிகிற எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. மற்றதெல்லாம் சூடாகவே போகிறது. சமதரையில் வண்டி வேகமாக ஓடுவதால் எதிர்க்காற்று அடிக்கும். மலையிலோ பின்னால் பாரம், முன்னால் ஏற்றம், ஊர்கிற வேகம். உழைப்பு அதிகம், காற்று குறைவு. சூடு ஏறாமல் என்ன செய்யும்?

"நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டா லேசா இருக்காதாண்ணே?"

"அது சேத்துக்கும் மணலுக்கும்தான் தாயி. காஞ்ச தார் ரோட்டு வளைவுல போட்டா, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். பாரம் கூடத்தான் செய்யும். கியரைக் குறைச்சுப் போனாப் போதும். இன்ஜின் திணறாம சுத்தும், ஃபேனும் தண்ணி பம்பும் கூடவே வேகமாச் சுத்தும்."

(சில புதிய வண்டிகளில் நான்கு சக்கரமும் எப்போதுமே இழுக்கும். அவரவர் வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். சூடு காட்டுகிற ஊசியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்! நடுவிலிருந்து மேலே நகர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். ஏ.சி. உள்ள கார் என்றால் அதை அணைத்துவிட வேண்டும். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியேறும். நமக்கு வேர்க்கும், பரவாயில்லை. அப்படியும் ஊசி இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்த வேண்டியதுதான். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

டம் டம் பாறையில் இறங்கினோம். எதிரே எலிவால் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு கார் புஸ்ஸென்று ஆவி விட்டபடி வந்து நின்றது. இளம் தகப்பனார் ஒருவர் பானெட்டைத் திறந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகப் போனார். மூன்று வயதுக் குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது!

"தம்பி, மூடியைத் தொடாதீங்க! பிள்ளையைத் தூக்குங்க முதல்ல!" அண்ணன் போட்ட சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையின் தாய் ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

நீங்களே சொல்லுங்கள். ஆவி அடங்காத குக்கரை நாம் திறப்போமா? ரேடியேட்டரும் குக்கர்தான். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். துண்டு எந்த மூலைக்கு? அந்தக் குடும்பத்தாரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம். மதினி இட்லி கொடுத்தார். மூடி நன்றாகக் குளிர்ந்த பிறகே திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், சூடான கண்ணாடி டம்ளர் போல அதிலும் விரிசல் விடக்கூடும்.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. வெந்நீரோ ஆவியோ பட்டுவிட்டால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். மற்றொன்று: கூலன்ட் வண்ணமாக, இனிப்பாக இருக்கும். பலவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தையே கெடுக்கும் விஷம். ஜூஸ் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்ததாகச் சந்தேகம் வந்தால்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

பெருமாள்மலை, வெள்ளி அருவி தாண்டி ஊர் சேர்ந்தபோது ஊசி நடுவைத் தாண்டவே இல்லை. வந்ததும் தங்கை பானையில் உலை வைத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகக் காணோம்! சுமார் 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காத ரேடியேட்டருக்கும் இங்கே இதே கதிதான். கீழே தாங்கியது மேலே சீக்கிரமே பொங்கிவிடும்.

"சாமான்ல குக்கர் எந்தப் பெட்டியில இருக்குடி?" என்று தேட ஆரம்பித்தோம். மூன்று விசில் வந்ததும் சோறு பூவாக வெந்திருந்தது. ஆவி அடங்கும்வரை காத்திருந்துதான் திறந்தோம்!