கடலுக்கு ஈடாக

கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டில் வாழும் எங்களுக்கு, கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வரும் நாள்களே பெருநீரின் காட்சி. எனினும், 'ஃபைண்டிங் நீமோ' (2003) திரைப்படத்தைக் கண்ட எங்கள் பிள்ளைகள் ஓயாது வேண்டியவை இரண்டு: செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை தீட்டிய கோமாளி மீன், அது குடியிருக்கும் கடற்சாமந்தி.

சாமந்தி என்று பெயர் பெற்றிருப்பினும் அது மலரன்று, விலங்கு. விரல்போல் அசையும் அதன் உணர்கொம்புகளில் கொட்டும் செல்கள் பொதிந்துள்ளன. தீண்டிய சிறு மீன் மரத்துப்போய் அதற்கு இரையாகும். கோமாளி மீனோ, தன் உடலைப் போர்த்திய வழவழப்பான கோழையின் காப்பினால் அந்த நச்சின் நடுவே நிம்மதியாக உறங்குகிறது. கைம்மாறாக, சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவோ சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது. இவ்வுறவை 1868-இல் கத்பர்ட் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கையியலார் எழுதிவைத்தார். நம் மன்னார் வளைகுடாவிலும் செபே கோமாளி மீனும் கம்பளச் சாமந்தியும் இவ்வாறே கூடி வாழ்கின்றன.

இவ்விரண்டையும் வீட்டிற்கு அழைப்பவர், கடல் செய்துவந்த பணி முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 200 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 7 கிலோ உப்பு வேண்டும். சமையல் உப்பு உதவாது, கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடல் உப்பே வேண்டும். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் நீரையே வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மீனுக்கு இவ்வளவு போதும். சாமந்திக்கோ, நுண்பாசிகள் பிழைக்க வலுவான ஒளியும் பல மாதங்கள் மாறாது நிலைத்த நீரும் இன்றியமையாதவை. வெப்பம் மிகுந்தால் பாசிகள் நீங்கி அது வெளுத்துப்போகும். இடம் பிடிக்காவிடில் ஊர்ந்து சென்று பம்பில் சிக்குவதும் உண்டு. அது மடிந்து அழுகினால் தொட்டியிலுள்ள மற்ற உயிர்களும் மடிய நேரிடும். மின்வெட்டும் கோடையும் நன்கறிந்த எங்கள் ஊரில் இதை எண்ணிப் பார்த்தோம்.

1947-இல் தொடங்கப்பெற்று, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறையை வகுத்துள்ளது. ஆண் மீன் துடுப்பால் நீர்வீசி முட்டைகளைக் காக்க, ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருள் கவிந்தபின் குஞ்சுகள் வெளிவருகின்றன. பண்ணையில் பிறந்த மீனை வாங்குவதால் கடல் எதையும் இழப்பதில்லை. கடைக்கு வரும் சாமந்திகளில் பலவோ பாறையிலிருந்தும் மணலிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டவை. அவை அற்ப ஆயுளின அல்ல. ஸ்காட்லாந்துக் கரையில் 1828-இல் ஜான் டேலியல் எடுத்து வளர்த்த ஒரு சாமந்தி, அவர் மறைந்த பின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. வளர்த்தவரைக் கடந்தும் வாழவல்ல ஓர் உயிரைச் சில மாத அழகுக்காகக் கொணர்வது தகுமா?

ஆகவே, பண்ணையில் பிறந்த இரு மீன்களை மட்டும் கொண்டுவந்தோம். பகை மீன் இல்லாத தொட்டியில் அவை சாமந்தியின்றியும் நலமாக வாழும். கவிழ்த்து வைத்த மண்சட்டி ஒன்றையே அவை வீடாக ஏற்றுக்கொண்டன. பெரியது பெண், சிறியது ஆண். பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும் என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்டனர்.

குமிழ்நுனிச் சாமந்தி என்னும் வகை, நன்கு பேணப்படும் தொட்டியில் தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். அவ்வாறு தொட்டியிலேயே பிறந்த ஒன்று கிடைத்தால், நீர் ஓராண்டு நிலைபெற்றபின் வரவேற்போம் என்று வாக்களித்திருக்கிறோம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே நாள்தோறும் குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றும் பொறுப்பை இளைய மகள் ஏற்றுள்ளாள். சாமந்தியை அவள் மறந்துவிடவில்லை. ஆயினும், "எப்போது வாங்குவோம்?" என்பதற்கு முன்பாக, "நீர் சரியாக இருக்கிறதா, அப்பா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.