கொறங்காட்டுக் கழுதைகள்

ஆற்று மணல் கடத்தலில் பிடிபட்டு, வழக்கு முடிந்து வரும் கழுதைகள்தான் எங்கள் கொறங்காட்டில் பெரும்பாலும் இருக்கின்றன. தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடு இது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணில் தோன்றிய பிராணிக்கு இந்த மானாவாரி பூமி பொருந்திப் போகிறது.

வண்டியிலிருந்து இறங்கும்போதே பட்டபாடு தெரிந்துவிடும். பொதி உராய்ந்த முதுகுப் புண், தளைக்கயிறு அறுத்த முன்னங்கால், மூச்சு தாராளமாக வரும் என்று நம்பிக் கிழித்துவிட்ட மூக்கு. கழுதைமேல் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது. ஈர மணல் மூட்டை இரண்டு ஏற்றினால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

இந்தப் புண்களைப் பார்த்து மனம் இளகுபவர்கள் வெல்லம், புண்ணாக்கு, தவிடு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களைத் தடுப்பதுதான் என் முதல் வேலை. சத்தில்லாத நாரிலேயே பிழைக்கப் பழகிய குடல் அது. ஊட்டம் மிஞ்சினால் கழுத்து மேட்டில் கொழுப்பு சேர்ந்து இறுகும். குளம்புக்குள் அழற்சி கண்டு காலூன்ற முடியாமல் போகும். கோழித் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் குதிரை இனத்துக்கே விஷம். பச்சைச் சோளத்தட்டு மாட்டுக்குத் தீவனம். கழுதைக்கு மூத்திரப்பை கெடும். வைக்கோல், காய்ந்த கொழுக்கட்டைப் புல், உப்புக்கட்டி, தினமும் கழுவிய தொட்டியில் தண்ணீர் போதும். எலும்பு தெரிய வந்ததையும் மெல்லத்தான் தேற்ற வேண்டும்.

தின்னாமல் நின்றுவிட்டாலோ இன்னும் ஆபத்து. பயத்தாலோ, கூட்டாளியைப் பிரிந்த ஏக்கத்தாலோ தீனியை விட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறும். ஈரல் கெட்டு, சில நாளில் ஆள் போய்விடும். அதனால் ஜோடியாக வந்ததைப் பிரிப்பதில்லை. ஒன்று செத்தாலும், மற்றது மோந்து பார்த்துத் தானாக விலகும் வரை உடலை எடுப்பதில்லை.

வயிற்றுவலி வந்தால் குதிரை உருண்டு புரளும். கழுதை தலையைத் தொங்கப்போட்டுச் சும்மா நிற்கும். தின்பதுபோலப் பாவனையும் செய்யும். வாய் தீனித் தொட்டிக்குள் இருக்கும், தாடை அசையும், வைக்கோல் மட்டும் குறையாது. ஆகவே நான் வாயைப் பார்த்து நம்புவதில்லை. தொட்டியில் எவ்வளவு மிச்சம், விட்டை எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று பார்க்கிறேன்.

ஆறிலிருந்து பத்து வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். புதுக் கழுதையின் காலை நேராகப் போய்த் தூக்கினால் சில உதைக்கும். பல கல்லாய் நின்றுவிடும். இதைத்தான் பிடிவாதம் என்கிறார்கள். பயந்தால் குதிரை ஓடும், கழுதை நின்று யோசிக்கும். யோசிக்க விட வேண்டும். தோளில் சொறிந்துகொடுத்தபடி கையைக் கீழே இறக்குவேன். தோல் சிலிர்க்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்பே கையை எடுத்துவிடுவேன். மறுநாள் அந்த இடம் இன்னும் கீழே போயிருக்கும். குளம்பு வரை கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அரத்துக்கு வேலை.

கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் நாடு முழுக்க 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019இல் 1.2 லட்சமாகிவிட்டன. அரிதாகிவிட்டதாலோ என்னவோ, தோட்டத்தில் ஒன்று நின்றால் அழகு என்று கேட்டு வருகிறார்கள். ஒற்றையாகக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ரோமம் மழைநீரைத் தாங்காது, ஐப்பசிக்கு முன் கூரை போட்டாக வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வயது வரை இருக்கும். கேட்பவருக்கே ஐம்பது தாண்டியிருந்தால், உங்களுக்குப் பிறகு தொட்டி கழுவுவது யார் என்று கேட்பேன். மகனோ மருமகளோ நேரில் வந்து, குளம்பைத் தொட்டுப் பார்த்து, "நாங்க பாத்துக்கறமுங்க" என்று சொன்னால்தான் வண்டி பிடிக்கச் சொல்வது.