வடித்த தண்ணீர் யாருக்கு?

என் பணி ஓய்வுக் கூட்டத்தில் பேசிய ஒரு டாக்டர், "காய்கறி சாப்பிடுங்க, பழம் சாப்பிடுங்கன்னு இத்தனை வருஷம் அலுக்காம சொல்லியிருக்காங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதைச் சொல்ல டயட்டீஷியன் எதற்கு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது: 2000 கலோரி உணவில் கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். உலக சுகாதார நிறுவனம் இரண்டும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. நம் வீடுகளில் சாம்பாரில் மிதக்கிற ரெண்டு முருங்கைக்காய்த் துண்டையும் காய்கறி சாப்பிட்டதாகவே சொல்வார்கள், அது வேறு சங்கதி. நார்ச்சத்து சர்க்கரையை மெல்ல ஏற்றும், பொட்டாசியம் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும். இதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதுவும் சிறுநீரக வார்டில். சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஜி.எஃப்.ஆர். இறங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் 6-ஐத் தொட்டுவிட்டால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தாளம் தப்பலாம். அந்த நிலையில் இருப்பவரைப் பார்க்க வருகிற உறவினர் ஆசையாக வாங்கி வருவது என்ன? இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம். மற்றவர்களுக்கு எது நல்லதோ அதுவே அவருக்கு ஆபத்து. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோபாலனின் உணவுச் சத்து அட்டவணைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் மில்லிகிராம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நிறுத்தியவர் எங்கள் டயட் கிச்சன் மாஸ்டர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். "அம்மா, பொட்டாசியம்னு சொன்னா யாருக்கு என்ன புரியும்? எந்தத் தண்ணிய ஊத்தணும், எந்தத் தண்ணியக் குடிக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

இதைவிடச் சரியாக எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. வைட்டமின் சி போல சூட்டில் அழிகிற பொருளல்ல பொட்டாசியம். எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். தண்ணீரோடு வெளியேறினால்தான் உண்டு. அதனால் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. மாஸ்டர் காயைத் தோல் சீவி, துண்டு எவ்வளவு சிறிதாக வருமோ அவ்வளவு சிறிதாக நறுக்குவார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூழ்க வேகவைத்து வடிப்பார். சுவை போய்விடுமே என்று யாரும் அவரிடம் குறை சொல்ல முடியாது. கடுகு, பெருங்காயம், பூண்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. உப்பில்லாத குறை பாதி மறைந்துவிடும். சுரைக்காய், புடலங்காய், சௌசௌ போன்றவற்றில் பொட்டாசியம் குறைவு என்பதால் பெரும்பாலும் அவற்றையே எடுப்பார்.

சிக்கல் வீட்டில்தான். மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு, மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 8. அடுப்பும் ஒன்று, குழம்புச் சட்டியும் ஒன்று. ஒருத்திக்கு வடித்துக் கொட்டு என்கிறேன். இன்னொருத்திக்குக் கொட்டாதே, ஃபோலிக் அமிலம் அதில்தான் போகிறது என்கிறேன். வாசலில் உட்கார்ந்திருக்கும் மகன் என் இரண்டு பேச்சையும் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வான். மாஸ்டரிடம் போய் நின்றேன். "ஊறின தண்ணி செடிக்கு, வேகவச்ச தண்ணி மருமகளோட ரசத்துக்கு" என்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்: "அவங்களுக்கு வடிச்சதைத்தான் நான் குடிக்கணுமா?" சத்து உனக்கு, சக்கை அவங்களுக்கு என்று மாமியார் காதில் விழாமல் சொல்ல வேண்டியிருந்தது. மாமியாரிடம் வேறு மாதிரி. இது எந்த அட்டவணையிலும் இல்லை. கோபாலனிலும் இல்லை, 2017-இல் வந்த புது அட்டவணையிலும் இல்லை.

இப்போது டயட்டீஷியனாக வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை எப்படி நடக்கிறது? 'தவிர்க்க வேண்டியவை' என்று ஒரு ஷீட்டை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா, ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, அடுத்த ஆளைக் கூப்பிடு. பொட்டாசியம் 4.2 இருக்கிறவருக்கும் அதே ஷீட்! அவர் பயந்துபோய்ப் பழத்தையும் கீரையையும் மொத்தமாக நிறுத்துகிறார். மலச்சிக்கல் வருகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் குடல் வழியாகவும் பொட்டாசியம் வெளியேற வேண்டும். அந்த வழியும் அடைபடுகிறது. தாவர உணவைத் தேவையில்லாமல் பறிக்காதே என்று சிறுநீரக மருத்துவ உலகமே இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. ஷீட் மட்டும் மாறவில்லை.

இன்னொரு பக்கம் ஏபிசி ஜூஸ். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் கிட்னி சுத்தமாகுமாம். ஒரு டம்ளரில் எத்தனை பீட்ரூட் போகிறது, அதில் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும் ஆக்ஸலேட் எவ்வளவு என்று கேட்பாரில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னால் கடையில் லோ சோடியம் உப்பு வாங்கிவிடுகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பான். இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மாஸ்டர் இருந்த சமையலறையையும் இப்போது காண்ட்ராக்டுக்கு விட்டாயிற்று. எல்லா வார்டுக்கும் ஒரே கூட்டு போகிறது.

சிறுநீரகக் கோளாறு என்று சொல்லப்பட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். கிரியாட்டினினோடு பொட்டாசியம் அளவையும் கேட்டு வாங்குங்கள். அது 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால், எந்தப் பழத்தை எதற்காக நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாதவர் நீட்டுகிற ஷீட்டை நம்பி எதையும் நிறுத்த வேண்டாம்.