சக்கரத்துல ஒரு கிலோ

கே.ஜி.எஃப்.னு சொன்னா இப்போ எல்லாருக்கும் 2018ல வந்த சினிமாதான் ஞாபகம் வருது. நமக்கு வேற. சயனைடு மேடு, மாரிக்குப்பம் ரயில், அப்புறம் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுல யமஹா ஆர்எக்ஸ் 100 போடுற சத்தம்! 98 சிசி, 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை. 1996லயே உற்பத்தி நின்னுபோச்சு. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. அந்த வண்டி மட்டும் நம்ம ஊர்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

அக்கா மகன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. போன மாசம் போன்ல, "மாமா, அலாய் வீலும் பின்னாடி அகலமா ஒரு டயரும் போடலாம்னு இருக்கேன். வெயிட் குறையுமாம், பிக்கப் சும்மா பிச்சுக்கும்னு சொல்றாங்க. கொஞ்சம் பணம் அனுப்புறீங்களா?"ன்னான்.

பணம் பெரிய விஷயமில்லை. ஆனா விடியக்காலை இருட்டுல அந்த வண்டியிலதான் அக்காவை ஸ்டேஷன்ல விடுறான். சுரங்கம் மூடினப்புறம் நம்ம ஊர்ல பாதிப் பேர் மாதிரி அக்காவும் தினமும் பெங்களூரு போய் வேலை பாக்குறாங்க. அதனால உடனே சரின்னு சொல்ல மனசு வரலை. இங்க ஜெர்மனியில எனக்குச் சோறு போடுறதே சக்கரமும் பிரேக்கும்தான் :-)

அவன்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

சக்கரத்தோட கனத்தைக் குறைச்சா வண்டி நல்லா ஓடும்ங்கறது உண்மைதான். டேங்க்ல இருக்குற ஒரு கிலோ முன்னாடி மட்டும்தான் போகுது. டயரோட ஓரத்துல இருக்குற ஒரு கிலோ முன்னாடியும் போகுது, சுத்தவும் செய்யுது. அதனால வேகம் எடுக்கும்போது எஞ்சினுக்கு அது கிட்டத்தட்ட 2 கிலோ மாதிரி. நடுவுல ஹப்ல இருக்குற கனத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவா கிடையாது. ஓரத்துலதான் விஷயமே.

எங்கப்பா ஷாஃப்டுல வேலை பாத்தவர். கூண்டுல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு மட்டும் பாக்கக்கூடாது, கம்பிக் கயிறோட கனத்தையும் பாக்கணும்பார். மீட்டருக்கு சில கிலோன்னாலும் ஆயிரம் மீட்டர் இறங்கினா கயிறே பல டன் ஆயிடும். நம்ம சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். ஒரு கூண்டு ஏறும்போது இன்னொண்ணை இறக்கி சமன் பண்றதெல்லாம் அதுக்குத்தான். ஏத்துற சரக்கை விட, ஏத்துறதுக்காகவே கூட அசையுற கனம் முக்கியம். சக்கரமும் அப்படித்தான்.

சரி, இதுல எவ்வளவு லாபம்? வண்டி 100 கிலோ, ஆள் 65 கிலோ, மொத்தம் 165. ரெண்டு சக்கரத்தோட ஓரத்துலயும் சேர்த்து 2 கிலோ குறைச்சா, வேகம் எடுக்கறப்போ 4 கிலோ குறைச்ச மாதிரி. அதாவது சுமார் இரண்டரை சதவீதம். மாப்ளே, பிரியாணியைக் குறைச்சு நீ 4 கிலோ இளைச்சாலும் அதே பிக்கப்தான்னேன். சிரிச்சான். ஒரே வேகத்துல நேரா போறப்போ அந்த லாபமும் கிடையாது.

அப்போ ரேஸ் ஓட்டுறவங்க ஏன் மக்னீசியம், கார்பன் ஃபைபர்னு அவ்வளவு செலவு பண்றாங்க? பிக்கப் ஒரு காரணம்தான். ரெண்டாவது, வண்டி திரும்புற விதம். சைக்கிள் சக்கரத்தைக் கழட்டி, அச்சை ரெண்டு கையாலயும் பிடிச்சு, சுத்தவிட்டு சாய்ச்சுப் பாருங்க. கையை முறுக்கும். ஓரத்துல கனம் கூடக்கூட முறுக்கலும் கூடும். மூணாவது, பள்ளம். சக்கரம், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கு. பள்ளத்துல விழுந்து எகிறின சக்கரத்தை ஸ்பிரிங் திரும்பக் கீழே தள்ளணும். கனமா இருந்தா இறங்க நேரமாகும். அந்த நேரத்துல டயர் ரோட்டைத் தொடாது, தொடாத டயருக்கு பிரேக்கும் பிடிக்காது. நம்ம ஊர் ரோட்டுக்கு இதுதான் பெரிய விஷயம்.

இங்கதான் நம்ம பசங்க ஏமாறுறாங்க. அலாய்னாலே லேசுன்னு நினைப்பு. மலிவான வார்ப்பு அலாய் உடையாம இருக்கணும்னா தடிமனாத்தான் செய்யணும். பல நேரம் ஸ்போக்ஸ் வீலை விட அதுதான் கனம். கூட அகலமான டயர் போட்டா கனம் இன்னும் ஏறும், அதுவும் ஓரத்துலயே! டியூப் இல்லாத டயர் போடலாம்ங்கறது அலாயோட நிஜமான வசதி. ஆனா பள்ளத்துல அடிவாங்கினா விரிசல் விடலாம். ஸ்போக்ஸ்னா பெரும்பாலும் கோட்டம் எடுத்துடலாம்.

"நான் சொல்றேன்னு நம்பாதே, தராசுல வச்சுப் பாரு"ன்னேன். ஃப்ரெண்டு வச்சிருந்த அலாயை டயரோட தூக்கிட்டுப் போய், தன்னோட பின்சக்கரத்தோட சேர்த்து மளிகைக்கடைத் தராசுல நிறுத்துப் பாத்திருக்கான். "மாமா, அலாய்தான் கனம்!"

கடைசியில அலுமினியம் ரிம் ரெண்டு, கம்பெனி சொன்ன அதே அளவுல புது டயர், நல்ல மெக்கானிக்கிட்ட ஸ்போக்ஸ் கட்டுற கூலி. இதுக்குத்தான் பணம் அனுப்பினேன். அலுமினியத்தோட அடர்த்தி இரும்புல மூணுல ஒரு பங்குதான். ரிம்மை அவ்வளவு மெல்லிசா செய்ய முடியாது, ஆனாலும் நிஜமாவே கனம் குறையும். ரெண்டு கண்டிஷன் போட்டேன். லேசாகணும்னு எதையும் துளை போடக்கூடாது. டயர் பக்கத்துல போட்டிருக்குற பாரம் தாங்குற எண், ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்குப் போதுமான்னு பாக்கணும்.

இங்க ஜெர்மனியில அனுமதி இல்லாத சக்கரத்தை மாட்டிட்டு ரோட்டுக்கு வர முடியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேற. நம்ம நாட்டுலயும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு. ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு மாரிக்குப்பம் ரோட்டுல யார் நின்னு பாக்கப் போறாங்க? நாமதான் பாத்துக்கணும்.

உங்க வீட்டுப் பசங்களும் ஊர்லேர்ந்து இப்படிக் கேட்டா, வேண்டாம்னு ஒரேயடியா சொல்லாதீங்க. முதல்ல தராசுல வைக்கச் சொல்லுங்க. பின் சீட்டுல யார் உக்கார்றாங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.